தொழில் சொல்லிக்கொடுத்தவரிடம் அவர் தப்பை எப்படிச் சொல்வது?

தம்பி, நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் மிஷின் ஷாப். உங்களுக்கு 29 வயது. ஐந்து மாதத்துக்கு முன் லைன் இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் லைனில் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மிஷின்) ஓட்டும் ஒருவருக்கு 53 வயது. ஐடிஐ முடித்து நீங்கள் உள்ளே வந்தபோது, நுணுக்கமாக அளவெடுக்கும் மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தவரே அவர்தான். இரண்டு மாதமாக அவர் மிஷினில் அளவு தவறித் தள்ளப்படும் பீஸ்கள், அதாவது ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டு போகிறது. மேனேஜர் "மெமோவைக் கொடு" என்கிறார். உங்களுக்கு வாய் வரவில்லை. மரியாதை கெடாமல் சொல்ல என்ன வார்த்தை இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வார்த்தைகளைப் பிறகு தருகிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: அவருக்குத் தப்பைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா? இருக்கிறது. நீங்கள் வாய் திறக்காத ஒவ்வொரு வாரமும் அவர் பெயர் க்யூசி (தரப் பரிசோதனை) ரிப்போர்ட்டிலும் மேனேஜர் மேசையிலும் கேன்டீனிலும் கெட்டுக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அவருக்கு மட்டும் தெரியாது. அந்த நிலையில் ஒரு பெரிய மனிதரை நிறுத்தி வைப்பதைவிட மரியாதைக்குறைவு வேறு இல்லை.

நான் எம்.எஸ்.டபிள்யூ படித்துவிட்டு இதே ஊர்ப்பக்கம் பம்ப், வார்ப்பட, மில் நிறுவனங்களில் 27 வருடம் பணியாளர் பிரிவில் இருந்தேன். இந்த மாதிரிப் பேச்சுக்கு நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். சிலவற்றை நன்றாகச் செய்தேன். சிலவற்றைக் கெடுத்திருக்கிறேன், அவற்றையும் சொல்கிறேன்.

முதலில், தயக்கம் உங்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் கிடையாது. கெட்ட செய்தியைச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்ல மனிதர்கள் பின்வாங்குவதை 1970-லேயே ரோசன், டெஸ்ஸர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதனை செய்து எழுதினார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்னும் எளிமையானது. முகத்தில் சாக்லேட், லிப்ஸ்டிக் மாதிரி ஏதோ ஒரு கறையோடு ஒருவர் போய் மக்களிடம் பேட்டி எடுத்தார். கறையைப் பார்த்தவர்களில் "முகத்தில் ஏதோ இருக்கிறது" என்று சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அதன் தொடர்ச்சியாகச் செய்த சோதனைகளில் தெரிந்தது என்னவென்றால், எதிரில் இருப்பவர் தன் குறையைத் தெரிந்துகொள்ள எவ்வளவு விரும்புகிறார் என்பதை நாம் எப்போதும் குறைத்தே எடைபோடுகிறோம். முகத்துக் கறைக்கும் 25 வருடத் தொழிலில் வந்த குறைக்கும் வித்தியாசம் நிறைய உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அண்ணா என்று கூப்பிடும் அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். உங்கள் மிஷினில் பீஸ் கெடுகிறது என்று தெரிந்தும் நீங்கள் வளர்த்த பையன் இரண்டு மாதம் சொல்லாமல் இருந்தான் என்றால் எது அதிகம் வலிக்கும்?

அதற்காக, சொன்னாலே போதும், எல்லாம் திருந்திவிடும் என்றும் நினைக்க வேண்டாம். க்ளூகர், டெனிசி என்ற இருவர் 1996-ல், வேலையைப் பற்றி ஒருவருக்கு அபிப்பிராயம் சொல்வது பலன் தருகிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து, 600-க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைக் கணக்குப் போட்டார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையின் மேல் நிற்கும்வரை பலன் கிடைக்கிறது, ஆளின் மேல் திரும்பினால் கெடுகிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். என் அனுபவமும் அதுதான். "இந்த ஷாஃப்ட் பெரிசா வந்துருக்கு" என்பதை எந்த ஆபரேட்டரும் காது கொடுத்துக் கேட்பார். "உங்களுக்கு முன்ன மாதிரி கவனம் இல்லை" என்று ஆரம்பித்தால் அந்த நிமிடமே அவர் ஷாஃப்டை விட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போய்விடுவார்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அவரிடம் போவதற்கு முன், பீஸ் கெடுவதற்குக் காரணம் அவர்தானா என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தரக்கட்டுப்பாட்டில் பெரிய பெயரான டெமிங், உற்பத்தியில் வரும் தொல்லைகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தவை, நிர்வாகம் சரிசெய்ய வேண்டியவை என்று மதிப்பிட்டார். அளந்து சொன்ன எண் இல்லை, அவருடைய அனுபவக் கணிப்பு. அது 94-ஆ 70-ஆ என்று சண்டை போட வேண்டியதில்லை. முதலில் மிஷினைப் பார், பிறகு ஆளைப் பார் என்ற வரிசைதான் நமக்கு வேண்டியது. காலையில் மிஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டில் சூடாவதற்கு முன் வரும் முதல் சில பீஸ்களில்தான் அளவு ஓடுகிறதா? வெட்டும் முனையான இன்சர்ட் வேறு கம்பெனிக்கு மாறியதா? ஃபவுண்டரியில் இருந்து வரும் காஸ்டிங்கில் கடினமான இடங்கள் இருக்கின்றனவா? அதே மிஷினை வேறு ஷிப்டில் ஓட்டுபவருக்கும் இதே ரிஜெக்‌ஷன் வருகிறதா? க்யூசி ரிஜிஸ்டரை எடுத்து நாள், ஷிப்ட், பார்ட் நம்பர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் போய்ப் பேசினால், அவர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. உங்களுக்கு மைக்ரோமீட்டர் சொல்லிக்கொடுத்தவர் நிச்சயம் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருடம், ஐம்பதைத் தாண்டிய ஒரு டர்னருக்கு நைட் ஷிப்டில் மட்டும் பீஸ் கெட்டுக்கொண்டிருந்தது. இரவில் தூங்குகிறார் என்று சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்தார். நான் அதை நம்பி இரண்டு மெமோ அடித்தேன். மூன்றாவதற்கு முன்னால் ஏதோ தோன்றி, ஒரு ராத்திரி அவர் மிஷினுக்கே போய் "எப்படி அளக்கறீங்க, கொஞ்சம் காட்டுங்க" என்றேன். மைக்ரோமீட்டரைக் கை நீட்டுகிற தூரத்துக்குக் கொண்டுபோய், விளக்குப் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிக்கொண்டே வரும், கிட்டத்தில் இருப்பது மங்கும். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிவதால் மங்கல் இன்னும் கூடும். அதனால்தான் பகலில் தப்பித்தவர் இரவில் மாட்டிக்கொண்டார். மைக்ரோமீட்டரில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கும் அளவு வித்தியாசம், 0.02 என்றால் ஒரு கோடு மாற்றிப் படித்தாலே பாதி போய்விட்டது. கண்ணாடி போட்டால் கிழவன் என்று பேக்கிங்கில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். கண்ணாடி வாங்கினார், எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் ஒன்றை நாங்கள் வாங்கிக் கொடுத்தோம், மிஷினுக்கு மேலே ஒரு விளக்கு மாட்டினோம். ரிஜெக்‌ஷன் குறைந்தது. ஆனால் அந்த இரண்டு மெமோவை அவர் மறக்கவே இல்லை. ஓய்வு பெற்ற நாளில் எல்லோருக்கும் கை கொடுத்தவர் என்னைத் தாண்டிப் போனார். அவர் செய்தது நியாயம்தான்.

உங்கள் அண்ணனுக்கும் கண்தான் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. 53 வயது என்றதும் எனக்கு அந்த ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். சர்க்கரையாக இருக்கலாம், வீட்டில் கடனாக இருக்கலாம், உங்களுக்குக் கிடைத்த பதவி தனக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தமாக இருக்கலாம். உண்மையிலேயே அலட்சியமாகவும் இருக்கலாம். எதுவென்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் பேச்சு கேள்வியில் ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன்.

இடமும் நேரமும் பற்றிச் சுருக்கமாக. டீக்கடையில் வேண்டாம், லைனில் நாலு பேர் காதில் விழும்படி வேண்டாம், மேனேஜர் அறையில் கண்டிப்பாக வேண்டாம். கெட்ட பீஸைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "யார் ஷிப்ட்?" என்று கேட்பது இப்போது பல கம்பெனிகளில் வழக்கமாகிவிட்டது. நீங்கள் அதைச் செய்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஷிப்ட் முடிவதற்கு அரை மணி முன்னால், ஸ்டோர் அறையோ க்யூசி அறையோ காலியாக இருக்கும்போது, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அவரை நிற்கவைத்துவிட்டு நீங்கள் உட்காராதீர்கள், அவர் உட்கார்ந்திருக்க நீங்கள் நின்றும் பேசாதீர்கள். சனிக்கிழமை வேண்டாம். வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகிற நாளில் இதையும் சேர்த்து வாங்கிப் போனால், ஞாயிறு முழுக்க அது வீட்டில் ஊறிக்கொண்டிருக்கும். செவ்வாய், புதன் நல்லது. மறுநாள் காலை நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நாளாக இருக்க வேண்டும்.

என்ன சொல்வது? நான் சொல்லுவதாக இருந்தால் இப்படி: "அண்ணா, ஒரு வேலை விஷயம் பேசணுங்க. கேக்கறதுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கும். போன ரெண்டு வாரத்துல உங்க மிஷின்ல பதினேழு ஷாஃப்ட் பெரிசா வந்துருக்கு. செவ்வாயும் வியாழனும்தான் அதிகம். இன்சர்ட்டும் மெட்டீரியலும் பார்த்துட்டேன், மாறலீங்க. என்ன நடக்குதுன்னு உங்ககிட்டயே கேக்கலாம்னு வந்தேன்." இவ்வளவுதான். பதினேழு என்பது நான் போட்ட எண், உங்கள் ரிஜிஸ்டரில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பத்து நொடி அமைதி வந்தால் இளைஞர்கள் பயந்துபோய் "பரவாயில்லைங்கண்ணா, பெரிசா ஒண்ணுமில்ல" என்று சொன்னதையே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அந்த அமைதி அவருடையது. அதில்தான் அவர் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

பாராட்டில் ஆரம்பித்து, குறையை நடுவில் வைத்து, பாராட்டில் முடிக்கச் சொல்லும் முறையைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். எனக்கும் சொல்லித்தந்தார்கள். ஒரு ஃபிட்டரிடம் அப்படிப் பேசினேன்: கை சுத்தமான வேலை, கொஞ்சம் நேரத்துக்கு வரவேண்டும், நல்ல எதிர்காலம் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய்ச் சம்பளம் ஏறப்போகிறது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் தாமதத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் போனபோது, "அன்னிக்கு நல்லாத்தானே சொன்னீங்க சார்?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, குழப்பம். அன்றோடு அந்த முறையை விட்டுவிட்டேன். பாராட்ட வேண்டியதை வேறொரு நாளில், நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள்.

"நேத்து வந்த பையன், எனக்கே சொல்லித்தர்றியா?" என்று அவர் கேட்டால்? கேட்கலாம். தயாராகப் போங்கள். "நீங்க சொல்லிக்கொடுத்த கணக்குதாங்கண்ணா இது. வேற யாராச்சும் வந்து சொல்றதுக்கு முன்னால நான் வந்து சொல்லணும்னுதான் வந்தேன்" என்று சொல்லலாம். உண்மையாக இருப்பதால் அது நிற்கும். அதற்கு மேல் வாதம் வேண்டாம். குரல் ஏறினால், "நாளைக்குக் காலையில பேசலாங்கண்ணா" என்று எழுந்து வாருங்கள், ஆனால் நாளை கட்டாயம் போங்கள். மேனேஜர் சொன்னார், மேலிடத்து உத்தரவு என்று மட்டும் ஒளிந்துகொள்ளாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில், உங்களிடம் பேசிப் பயனில்லை என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

அழைக்கும் விதம் பற்றியும் ஒன்று. அண்ணா, நீங்க, வாங்க என்று கூப்பிடுவதை இன்சார்ஜ் ஆனதற்காக மாற்றாதீர்கள். சிலர் பதவி வந்ததும் "மிஸ்டர்" போட்டுப் பெயர் சொல்ல ஆரம்பிப்பார்கள், அது அடி போல விழும். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நம் பக்கத்துக் கம்பெனிகளில் யாருக்கு "வாங்க", யாருக்கு "வாப்பா" என்பதில் வயதைவிடச் சாதி பேசுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்யும் பையன்களுக்கு "டேய்"தான். உங்கள் குருவிடம் மட்டும் பதமாகப் பேசிவிட்டு அடுத்த மிஷினில் இருப்பவரை எல்லோர் முன்னும் கத்தினால், உங்களிடம் இருப்பது மரியாதை இல்லை, பயம் என்று லைன் முழுக்கப் புரிந்துகொள்ளும்.

இனி மெமோ. மேனேஜரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். நேரில் ஒருமுறைகூடப் பேசாமல் முதல் வார்த்தையே காகிதத்தில் போகக்கூடாது. இது மனிதாபிமானம் மட்டும் இல்லை. தொழிற்சாலையின் வேலை விதிகளைத்தான் நிலையாணை என்பார்கள். 1946-ன் நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனம் என்று பட்டியலிட்டிருப்பது பழக்கமாகிவிட்ட அலட்சியத்தை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்ட பீஸ் அந்த வரையறைக்குள் சுலபமாக வராது. குற்றச்சாட்டை எழுத்தில் சொல்லி, அவர் தரப்பைக் கேட்காமல் தண்டனையும் கிடையாது. கெட்ட பீஸுக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், நஷ்டத்துக்காகப் பிடித்தம் செய்யும் முன் தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது 1936-ன் சம்பளச் சட்டத்திலேயே இருந்தது. இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதை அப்படியே வைத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததில், நிலையாணை கட்டாயம் என்பது 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு என்று ஆகிவிட்டது. உங்கள் கம்பெனி எதில் வருகிறது என்பதைப் பணியாளர் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை. விசாரணை என்று வந்துவிட்டால் என் பேச்சை விட்டுவிட்டுத் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரைப் பாருங்கள்.

பேசிப் பார்த்தும் மெமோ கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கொடுக்கிற விதத்தில் வித்தியாசம் இருக்கிறது. கிரீன்பெர்க் என்பவர் 1990-ல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. ஓர் அமெரிக்க நிறுவனம் ஒப்பந்தங்களை இழந்ததால் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தது. ஒன்றில் தலைவரே வந்து கணக்கைக் காட்டி, வருத்தம் சொல்லி, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். குறைத்த சம்பளம் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது ஆலையில் பொருள் திருட்டு மிகவும் அதிகமாக இருந்தது. நம் ஊருக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது, சம்பளக் குறைப்பு வேறு, மெமோ வேறு. ஆனால் மெமோவை டைம் ஆபீஸ் பையன் கையில் கொடுத்தனுப்புவதற்கும், நீங்களே கொண்டுபோய் "இதுல என்ன எழுதியிருக்குன்னு நானே சொல்லிடறேங்கண்ணா" என்று உட்கார்ந்து படித்துக் காட்டுவதற்கும் உள்ள தூரத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதும்போது தேதி, பார்ட் நம்பர், எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். "பொறுப்பற்ற", "திமிரான" மாதிரி வார்த்தைகள் வேண்டாம். அவர் வீட்டில் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.

இதெல்லாம் செய்தும் அவர் உங்களோடு பழையபடி பேசாமல் போகலாம். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. எனக்குத் தெரிந்து இப்படிப் பேசிய பிறகு உறவு நெருக்கமானதும் உண்டு, ஒரு வருடம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டுத் தன் பெண் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றதும் உண்டு, கடைசிவரை சரியாகாததும் உண்டு. எது நடக்கும் என்பதில் பாதிதான் உங்கள் கையில்.

பேசிய மறுநாள் காலை, ஷிப்ட் ஆரம்பித்ததும், எப்போதும் போவது போலவே அவர் மிஷினுக்குப் போங்கள். நேற்றுப் பேசியதை எடுக்க வேண்டாம். ஓடும் ஜாப்பைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அவரிடம் கேளுங்கள், இல்லாத சந்தேகத்தை உண்டாக்கிக் கேட்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். அவர் கேட்டதில் உங்களால் முடிந்தது இருந்தால், விளக்கோ கேஜோ ஷிப்ட் மாற்றமோ, அந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து ரிஜெக்‌ஷன் எண்ணிக்கை வந்ததும், குறைந்திருந்தாலும் குறையாவிட்டாலும், மேனேஜருக்குப் போகும் முன் அந்தத் தாளை முதலில் அவரிடம் காட்டுங்கள்.